காரணமானவர்

பிளசென்சியா,
14 மார்ச் 2009

திருமதி நுவேனா பிராஹிம் அவர்களுக்கு,

என் தாயார் நியேவெஸ் கடந்த நவம்பர் ஆறாம் தேதி இங்குள்ள மருத்துவமனையில் காலமானார். சிறு வயதில் நான்கு கோடைக்காலம் பாலைவன அகதி முகாமிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கியவர் என்ற முறையில் உங்களுக்கு இதைத் தெரிவிக்கிறேன். நான்கு மாதம் தாமதம்தான். அதற்குக் காரணம் சொல்லப்போவதில்லை.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். செய்தி உங்களுக்குக் கிடைத்தது என்பதற்கான அத்தாட்சி, அவ்வளவுதான். பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கும் இடத்தில் கையெழுத்திட்டு, இதைக் கொண்டுவரும் பல் மருத்துவர் குழுவிடமே கொடுத்தனுப்புங்கள். அவர்கள் பத்து நாள் அங்கே இருப்பார்கள்.

இப்படிக்கு,
எலோய்


அவுசெர்த் முகாம், திந்தூஃப்,
23 மார்ச் 2009

எலோய்,

உன் கடிதம் வந்தபோது தண்ணீர் லாரி வந்திருந்தது. குழாயைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு நின்றபடியே பிரித்தேன். முதல் வரியைப் படிக்கிற அளவுக்கு என் ஸ்பானிஷ் இருந்தது. தொட்டி நிரம்பி மணலில் ஓடுகிறது என்று என் மகள் வந்து சொன்ன பிறகுதான் பார்த்தேன். இங்கே தண்ணீரை யாரும் அப்படி விடுவதில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்தில் ஒருவரும் திட்டவில்லை.

நியேவெஸ் அம்மாவுக்கு இறைவன் இரங்கட்டும். இதற்குமேல் அவரைப் பற்றி இன்று எழுத வரவில்லை.

நீ என்னை 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். பதினோரு வயதில் 'ஏய் ஒட்டகம்' என்று கூப்பிட்டவன் நீ. அதுவே தேவலை.

தாள் விஷயத்துக்கு வருகிறேன். என் ஸ்பானிஷ் பன்னிரண்டு வயதோடு நின்றுபோன ஸ்பானிஷ். துண்டு, நீச்சல்குளம், பருப்பு, செருப்பைப் போடு, இன்னும் கொஞ்சம் சாப்பிடு. உன் தாளில் பத்து வரி இருக்கிறது. அதில் எனக்குத் தெரிந்தவை வீடு என்ற சொல்லும் என் பெயரும்தான். பள்ளியில் ஸ்பானிஷ் சொல்லித்தரும் தெக்பர் அக்காவிடம் (நான் சொல்லச் சொல்ல இதை ஸ்பானிஷில் எழுதித் தருபவரும் அவர்தான்) எடுத்துக்கொண்டு போனேன். அவருக்கும் புரியவில்லை.

"பத்து வருஷம் கியூபாவுல படிச்சீங்களே அக்கா, இதுகூடவா தெரியாது?"

"அங்க யாருக்குடி சொத்து இருந்துச்சு? கரும்புக்குத் தெரியும், புயலுக்குத் தெரியும். வாரிசுக்கெல்லாம் வார்த்தை கேட்டா நான் எங்க போவேன்? இரு, அகராதிய எடுத்துட்டு வர்றேன்."

அகராதியில் முதலில் தேடிய சொல் தாளின் தலைப்பு. ரெனுன்சியா. தனக்கு உரியதை வேண்டாமென்று விட்டுவிடுதல் என்று போட்டிருந்தது. தெக்பர் அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நுவேனா, உனக்கு எதையோ குடுத்திருக்காங்க. அது என்னன்னே சொல்லாம, வேண்டாம்னு எழுதி வாங்கப் பாக்குறாங்க."

செர்ரிக் கொட்டையை விழுங்கினால் வயிற்றில் மரம் முளைக்கும் என்று நீ சொன்னதை ஒரு வாரம் முழுக்க நம்பியவள் நான். இப்போது எனக்கு இருபத்தாறு வயது.

தாளைத் திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்து இல்லை. உயிலில் என் பெயர் வருகிற பக்கத்தை நகல் எடுத்து அனுப்பு.

நுவேனா


பிளசென்சியா,
20 ஏப்ரல் 2009

நுவேனா,

சரி. 'நீ' என்றே எழுதுகிறேன்.

அந்தத் தாளை வீட்டுத் தரகர் தட்டச்சு செய்து கொடுத்தார். சட்டப்படி செல்லுமா என்றுகூட எனக்குத் தெரியாது. நான் செய்தது சரியில்லை. நீ கேட்ட பக்கம் இத்துடன் இருக்கிறது. அகராதியோடு நீங்கள் இருவரும் அல்லாடுவானேன் என்று நோட்டரி அலுவலக எழுத்தரிடமே போய்க் கேட்டேன். அவர் சொன்னது இது.

கௌசான்தே. இறந்துபோனவரைச் சட்டம் இப்படித்தான் சொல்லும். நேர்ப்பொருள் 'காரணமானவர்'. எதற்குக் காரணம் என்று கேட்டேன். "இதோ, நீங்க இங்க வந்து நிக்கிறீங்களே, அதுக்கு" என்றார்.

லெகாதோ. வாரிசு நான். ஆனால் மொத்தத்திலிருந்து ஒன்றை மட்டும் பிரித்து, இது இன்னாருக்கு என்று எழுதிவைக்கலாம். அதுதான் லெகாதோ. உனக்கு அப்படி ஒன்று எழுதியிருக்கிறாள்.

உசுஃப்ருக்தோ. உனக்கு எழுதியது இதைத்தான். கிராமத்து வீட்டையும் பின்னால் இருக்கும் பதினாறு செர்ரி மரங்களையும் உன் உயிர் உள்ளவரை நீ அனுபவிக்கலாம். குடியிருக்கலாம், பழம் பறிக்கலாம், வேறு யாரையாவது குடிவைக்கலாம். விற்க மட்டும் முடியாது.

நூதா புரொப்பியெதாத். எனக்கு மிஞ்சியது இது. வீடு என் பெயரில்தான். ஆனால் உன்னைக் கேட்காமல் அந்தக் கதவைத் திறக்க எனக்கு உரிமை இல்லை. 'நூதா' என்றால் அம்மணம். அம்மணமான உடைமை. எழுத்தர் சிரிக்காமல்தான் சொன்னார். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற பெண் சிரித்துவிட்டாள்.

இனி என் பக்கம். நான் மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிறேன். நகரத்தில் வாடகை அறையில் இருக்கிறேன். மாட்ரித்திலிருந்து ஒரு தம்பதி அந்த வீட்டை வாங்கக் காத்திருக்கிறார்கள். எனக்கு அந்த வீட்டுக்குள் போகவே பிடிக்கவில்லை, விற்றுத் தொலைத்தால் போதும். அம்மாவின் கடைசி ஏழு மாதம் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் கிடந்தவன் நான். அவள் உனக்கு எழுதிய கடைசி மூன்று கடிதங்களுக்கு நீ பதில் போடவில்லை. "பாலைவனத்துலேருந்து ஏதாவது வந்துச்சாடா?" என்று தினமும் கேட்பாள். அந்தத் தாளையும் மறுபடி வைத்திருக்கிறேன், இதையெல்லாம் யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போடு. போடாவிட்டாலும் சரி.

இன்னொன்று. அவள் எனக்குத்தான் அம்மா.

எலோய்


அவுசெர்த்,
18 மே 2009

எலோய்,

உண்மைதான். அவர் உனக்குத்தான் அம்மா. இனி நியேவெஸ் என்று மட்டும் எழுதுகிறேன்.

நீ எழுதிய சொற்களை மனப்பாடம் செய்துவிட்டேன். ஆட்டுப்பட்டியில் தீனி போடும்போது உரக்கச் சொல்லிப் பார்ப்பேன். என் மகள் செனியா பின்னாலேயே சொல்கிறாள். எட்டு வயதில் 'உசுஃப்ருக்தோ' என்று பிசகாமல் சொல்லும் குழந்தை இந்த முகாமில் அவள் ஒருத்திதான்.

கோடையில் முகாம் பிள்ளைகளை அங்கே அழைத்துப்போகும் நட்புச் சங்கத்து வழக்கறிஞர் ஒருவர் மூலம் தெக்பர் அக்கா அந்தச் சட்டப் பக்கங்களையே வரவழைத்துவிட்டார். உசுஃப்ருக்தோ பெற்றவர் அந்த வீட்டை 'ஒரு நல்ல குடும்பத் தகப்பனைப் போல' பேணிக் காக்க வேண்டுமாம். அப்படியே அச்சடித்திருக்கிறது. "முதல்ல உனக்கு மீசை மொளைக்கணும்டி" என்றார் அக்கா. என் மகளின் தகப்பன் எங்களைப் பேணிய லட்சணத்தைப் பார்த்தவர் அவர். மணவிலக்கு ஆன அன்று எங்கள் வழக்கப்படி எனக்கு விருந்து வைக்க ஆடு பிடித்துக் கொடுத்ததும் அவர்தான்.

கடிதங்களைப் பற்றிக் கேட்டாய். மூன்றும் வந்தன. மூன்றும் என்னிடம் இருக்கின்றன. மூன்றிலும் ஒரே கேள்விதான். இங்கேயே வந்துவிடு, நர்ஸ் படிப்பு படி, அறைக்கு வெள்ளையடித்து வைத்திருக்கிறேன், வருவாயா? முதல் கடிதம் வந்தபோது எனக்குப் பதினேழு வயது. என் அம்மாவுக்கு அப்போதே பார்வை மங்கத் தொடங்கியிருந்தது. நியேவெஸ் என்னை வா என்று கேட்டார். என் அம்மா போகாதே என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை. வா என்று கேட்டவரை மறுப்பதைவிட, போகாதே என்று கேட்காமல் இருந்தவரை விட்டுவிட்டு வருவதுதான் எனக்கு முடியாமல் போனது. இதை நியேவெஸுக்கு ஸ்பானிஷில் எப்படி எழுதுவது? இன்னொருவரிடம் சொல்லி எழுதவைக்க மனம் வரவில்லை, எனக்கோ 'வேண்டாம்' என்ற ஒரு சொல்தான் தெரியும். அதை அவருக்கு எழுத என் கை ஓடவில்லை. ஒன்றும் எழுதாமல் இருந்துவிட்டேன். அது அதைவிட மோசம் என்று அப்போதும் தெரியும்.

கையெழுத்தைப் பற்றி யோசிக்க எனக்குக் கொஞ்ச காலம் கொடு. மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மழை பெய்து எங்கள் மண் வீடு கரைந்து ஓடியது. சமையலறையை மட்டும் திரும்பக் கட்டியிருக்கிறோம், மற்றதெல்லாம் கூடாரம்தான். உயிர் உள்ளவரை ஒரு கல் வீடு என்று யாரோ எழுதிவைத்ததை ஒரே வாரத்தில் வேண்டாமென்று சொல்ல மனம் வரவில்லை. அங்கே வந்து வாழப்போவதில்லை என்று தெரிந்தாலும்.

அதுவரை, நான் குடும்பத் தகப்பன் ஆயிற்றே. சின்னப் பழுதுகள் என் பொறுப்பு என்று சட்டம் சொல்கிறது. கூரை ஓரத்து மழைநீர்க் குழாயில் எப்போதும் இலை அடைத்துக்கொள்ளும். என் சார்பில் போய் எடுத்துவிடுவாயா? உள்ளே போவதற்கு உனக்கு அனுமதி தருகிறேன்.

நுவேனா


கிராமத்திலிருந்து,
2 ஆகஸ்ட் 2009

நுவேனா,

அனுமதிக்கு நன்றி. கடுப்போடுதான் போனேன். குழாயில் இலை மட்டுமில்லை, ஒரு குருவிக் கூடும் இருந்தது. காலியானதுதான். எடுத்துவிட்டேன். மரங்கள் பழுத்துத் தொங்கின. பழம் உன்னுடையது, அழுகவிட்டால் என்னைக் கேட்பாய். மூன்று நாள் லாரிக்கு விடுப்பு போட்டுப் பறித்தேன். பக்கத்து வீட்டு பௌலினாதான் ஜாம் காய்ச்சிக் கொடுத்தாள். நான்கு பாட்டில் அனுப்புகிறேன்.

அதோடு நிறுத்திவிடலாம் என்றுதான் இருந்தேன். சமையலறையில் உட்கார்ந்து உன் கடிதத்தை மறுபடி படித்தேன். உன்னிடம் நான் இன்னொரு பொய்யும் சொல்லியிருக்கிறேன். வாய் திறந்து சொல்லவில்லை, அவ்வளவுதான்.

செப்டம்பரில் அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாமல் போயிற்று. ஒரு நாள் காலையில் வழக்கம்போல், "ஏதாவது வந்துச்சாடா?" என்று கேட்டாள். "வந்துச்சும்மா" என்று சொல்லிவிட்டேன். சட்டைப் பையிலிருந்து பெட்ரோல் ரசீதை எடுத்து விரித்து, கடிதம் மாதிரி வாசித்தேன்.

என்ன வாசித்தேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். 'பதில் எழுதாததற்கு மன்னியுங்கள். நான் நன்றாக இருக்கிறேன். வீட்டை விற்றுவிடாதீர்கள். என் அறையை அப்படியே வைத்திருங்கள். ஜூலையில் வருகிறேன், பழம் முடிவதற்குள்.' இன்னும் ஏதோ முத்தங்கள் என்றெல்லாம் முடித்தேன்.

அவள் "எழுத்து எப்படியிருக்கு? அழகா எழுதியிருக்காளா?" என்றாள். "அழகா இருக்கும்மா" என்றேன். அடுத்த வாரம் நோட்டரியை மருத்துவமனைக்கே வரவழைத்து உயிலை மாற்றிவிட்டாள். ஆறு வாரத்தில் போய்விட்டாள்.

சட்டம் அவளைக் காரணமானவர் என்கிறது. அதை எழுத்தர் சொன்னபோது அங்கிருந்து ஓடிவிடலாம் போலிருந்தது. காரணம் நான்தான் நுவேனா. என் கையால் நானே வீட்டை இழந்துவிட்டு, அந்த எரிச்சலை உன்மேல் காட்டினேன்.

எலோய்


அவுசெர்த்,
2 நவம்பர் 2009

எலோய்,

மூன்று மாதம் உனக்கு எழுதவில்லை. கோபம். என்னைக் கேட்காமல் என் வாயால் பேசியிருக்கிறாய். ஜாம் பாட்டில்களைத் திறக்கக்கூட விடவில்லை. ஒரு நாள் பள்ளிவிட்டு வந்த செனியா தானாகவே திறந்து, பாதியை ரொட்டியில் தடவித் தின்றுவிட்டாள். அப்புறம் நானும் தின்றேன்.

தெக்பர் அக்கா, "பொய்க் கடிதத்துல வந்த வீடு உனக்கு எதுக்குடி? வேண்டாம்னு எழுதிடு. இப்பத்தான் அந்த வார்த்தை உனக்குத் தெரியுமே" என்றார். எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. தாளை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் அம்மா பாயில் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது அவளுக்கு வெளிச்சம் இருட்டு மட்டும்தான் தெரிகிறது.

"அந்தம்மா நிம்மதியாப் போனாங்களா?" என்று கேட்டாள்.

"அப்படித்தான் தெரியுதும்மா."

"அப்ப அந்தக் கடிதம் பொய் இல்ல. இன்னும் நடக்கல, அவ்வளவுதான்."

இதைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அந்தத் தாளைத் தொட என்னால் முடியவில்லை.

நான் வர முடியாது. அம்மாவை இந்த நிலையில் விட்டுவிட்டு ஒரு நாள்கூட வர முடியாது. ஆனால் என் பெயரில் நீ ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறாய். மே மாதம் செனியாவுக்கு ஒன்பது வயது ஆகிறது. கோடைப் பயணப் பட்டியலில் அவள் பெயர் வந்துவிடும். எந்த ஊர், யார் வீடு என்று அடுத்த வருடத் தொடக்கத்தில் சங்கத்துக்குச் சொல்ல வேண்டும்.

உசுஃப்ருக்தோ பெற்றவள் அந்த வீட்டில் யாரை வேண்டுமானாலும் குடிவைக்கலாம் என்று நீதான் எழுதினாய்.

நுவேனா


பிளசென்சியா,
1 டிசம்பர் 2009

நுவேனா,

மாட்ரித் தம்பதி வேறு ஊரில் வீடு வாங்கிவிட்டார்கள். அந்தப் பேச்சு முடிந்தது.

நீ சொல்வது நடக்காத காரியம். நான் விடிவதற்குள் லாரியோடு கிளம்புகிறவன். எனக்கு முட்டை பொரிக்கத் தெரியும், அவ்வளவுதான். ஒரு பெண் குழந்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்? அவளிடம் என்ன பேசுவேன்? நான் சொன்ன பொய்க்கு இது தண்டனையா?

எலோய்


அவுசெர்த்,
28 டிசம்பர் 2009

எலோய்,

தண்டனை கொடுக்க என் மகளை அனுப்புவேனா?

என்னிடம் என்ன பேசினாயோ அதையே பேசு. ஒட்டகம் என்று மட்டும் கூப்பிடாதே, அவள் திருப்பி அடிப்பாள். முட்டை அவளுக்குப் பிடிக்கும்.

ஆனால் வேண்டாவெறுப்பாகத் திறக்கிற கதவுக்குள் குழந்தையை அனுப்ப மாட்டேன். அதனால் இத்துடன் ரெனுன்சியா வைத்திருக்கிறேன். சங்கத்து வழக்கறிஞர் எழுதிக் கொடுத்தது, இது செல்லும். கையெழுத்தும் போட்டிருக்கிறேன். இந்த முறை அதில் எனக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. உன்னால் முடியாதென்றால் நோட்டரியிடம் கொடுத்து வீட்டை எடுத்துக்கொள். எனக்கு வருத்தம் இருக்கும், கோபம் இருக்காது. முடியுமென்றால் என்ன செய்ய வேண்டும் என்று உனக்கே தெரியும்.

எனக்கும் பயம்தான். ஒன்பது வயதுக் குழந்தையை விமானத்தில் ஏற்றிவிட்டு இரண்டு மாதம் காத்திருப்பது என்னவென்று இப்போதுதான் யோசிக்கிறேன். என் அம்மா அதை நான்கு முறை செய்திருக்கிறாள், வாயே திறக்காமல்.

நுவேனா


கிராமத்திலிருந்து,
16 மார்ச் 2010

நுவேனா,

ஜனவரியிலேயே இங்கே குடிவந்துவிட்டேன். இந்த வருடம் நல்ல பனி. அடுப்பு மூட்டக் காகிதத்துக்குப் பஞ்சமில்லை, நீ கையெழுத்திட்டு அனுப்பிய தாளிலேயே ஆரம்பித்தேன்.

சங்கத்திலிருந்து ஒரு அம்மாள் வீட்டைப் பார்க்க வந்தார். கையில் பெரிய படிவம். "இந்த வீட்டுக்கு நீங்க யாரு?" என்று கேட்டார். "அம்மண உடைமையாளர்" என்றேன். எழுதப்போனவர் பேனாவை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். பௌலினாதான் குறுக்கே புகுந்து, "இவன் நியேவெஸோட மகன்மா, நல்ல பையன். நான் ரெண்டு மாசமும் இங்கயேதான் இருப்பேன், எழுதிக்கங்க" என்று காப்பாற்றினாள். அனுமதி கிடைத்துவிட்டது.

ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் லாரியை வேறொருவனிடம் விடுகிறேன். அவளுக்குச் செருப்பு என்ன அளவு?

எலோய்


கிராமத்திலிருந்து,
5 ஜூலை 2010

நுவேனா,

வந்து சேர்ந்துவிட்டாள். உடம்புக்கு ஒன்றுமில்லை. அடுத்த குழுப் பிள்ளைகளை ஏற்றிவர அங்கே போகும் விமானத்தில் செல்கிற சங்கத்துப் பெண்ணிடம் இதைக் கொடுக்கிறேன். பதிலும் அந்த விமானத்திலேயே வந்துவிடும் என்றாள்.

முதல் நாள் குழாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். இரண்டாம் நாள் பௌலினாவின் கோழிகளை எண்ணினாள். என்னோடு சாப்பிட உட்காருகிறாள், ஆனால் பேச்சில்லை. ஒரே ஒரு முறை மரத்தைக் காட்டி 'உசுஃப்ருக்தோ' என்றாள். பௌலினா மூக்கில் காபி ஏறி இருமினாள்.

ஒரு விஷயம் உன்னிடம் கேட்க வேண்டும். உன் அறை, இப்போது அவள் அறை, மாடியில்தானே இருக்கிறது? காலையில் கீழே வர வேண்டுமென்றால் படிக்கட்டின் தலையில் வந்து நின்றுகொள்கிறாள். சுவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எனக்குப் புரியாத ஏதோ ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாள். எழுதிவைத்துக்கொண்டேன். 'மானி ஹாய்ஃபா, மானி ஹாய்ஃபா.' தண்ணீர் கேட்கிறாளா என்று கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கவில்லை. பெயரா, யாரையாவது கூப்பிடுகிறாளா என்றும் தெரியவில்லை. இந்த ஊரில் கேட்க ஆள் இல்லை. அகராதியும் இல்லை.

என்ன அர்த்தம்? சீக்கிரம் எழுது.

எலோய்


அவுசெர்த்,
9 ஜூலை 2010

எலோய்,

'எனக்குப் பயமில்லை' என்று அர்த்தம்.

எங்கள் ஊரில் படிக்கட்டு கிடையாது. ஏறுவது சுலபம், இறங்கும்போது தரை ரொம்பக் கீழே தெரியும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. நீ கீழே நின்று சிரித்துக்கொண்டிருந்தாய். நியேவெஸுக்கு நான் சொன்னது புரியவில்லை. ஆனால் ஏறி வந்து எனக்கு ஒரு படி கீழே உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக இறங்கிக் காட்டினார். நானும் உட்கார்ந்தே இறங்கினேன். இரண்டு வாரம் அப்படித்தான்.

நீயும் உட்கார். அவள் அந்தச் சொல்லைச் சொல்லும்போது நீயும் கூடச் சொல். ஆண்கள் 'மானி ஹாய்ஃப்' என்றுதான் சொல்ல வேண்டும். நீ தப்பாகச் சொன்னால் சிரிப்பாள், திருத்துவாள். அப்புறம் பேச ஆரம்பித்துவிடுவாள்.

நுவேனா